கைப்பேசியும் கல்விக்கூடமும்

அரிவாள் கதிரையும் அறுக்கும். கவனம் பிசகினால் கையையும் அறுக்கும். அதற்காக எந்த உழவனும் அரிவாளைக் கிணற்றில் எறிந்துவிடுவதில்லை. மகன் வளருங்கால் அதனை எவ்வாறு பிடிக்க வேண்டும், எங்கே வைக்க வேண்டும் என்பதைக் கற்பிக்கின்றான். இன்று நம் பிள்ளைகளின் கைக்கு வந்து சேர்ந்திருக்கும் கருவி கைப்பேசி. அதனை எறிந்துவிடுவோரும் உண்டு. கேள்வி முறையின்றிக் கையில் கொடுத்துவிடுவோரும் உண்டு. பிடிக்கும் முறையைக் கற்பிப்போர்தாம் அரியர். அவ்வழியைப் பற்றிச் சில கருத்துகளை நம் இல்லங்களின் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாளையாறு, வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் எனப் பாலக்காட்டு எல்லையிலும், மறையூர், காந்தளூர், வட்டவடை, மூணாறு, பூப்பாறை, குமுளி, வண்டிப்பெரியாறு என இடுக்கி மலைகளிலும் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன. ஒருவர்க்கு வயல், ஒருவர்க்குத் தேயிலைக் காடு, ஒருவர்க்கு ஏலத்தோட்டம், எம்மைப் போன்றோர்க்கு இருப்புப்பாதை. தொழில் வேறாயினும் அந்தி சாய்ந்தபின் எல்லா வீட்டிலும் ஒரு குரல் கேட்கின்றது: ‘அந்தப் போனைக் கீழே வை!’ அக்குரலுக்குப் பயன் உண்டா என்பதை நாம் அமைதியாக எண்ணிப்பார்க்க வேண்டும்.

வந்த வழி

பள்ளியும் இயந்திரமும் பகையன்று. கேரள நாட்டில் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ என்னும் திட்டம் 2001-இல் தொடங்கிற்று. 2017-இல் அது ‘கைட்’ என்னும் அரசு நிறுவனமாக உருப்பெற்றது. 2005-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவர்கள் ‘விக்டர்ஸ்’ என்னும் கல்வித் தொலைக்காட்சியைத் திருவனந்தபுரத்தில் தொடங்கி வைத்தார். அதற்கு முந்திய ஆண்டு விண்ணில் ஏவப்பட்ட ‘எடுசாட்’ என்னும் கல்விச் செயற்கைக்கோளே அதற்குத் துணையாயிற்று. தமிழ் மண்ணில் பிறந்த ஒருவர் தொடங்கி வைத்த அவ்வலைவரிசை, பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் பெருந்தொற்றுக் காலத்தில் கேரளப் பிள்ளைகளுக்கெல்லாம் பள்ளிக்கூடமாக அமைந்தது.

2020-ஆம் ஆண்டு ஜூன் 1-ஆம் நாள் பள்ளிக் கதவுகள் மூடியிருக்க, ‘பஸ்ட் பெல்’ என்னும் பெயரில் பாடங்கள் வீடு தேடி வந்தன. தமிழ்வழி மாணாக்கர்க்கும் கன்னடவழி மாணாக்கர்க்கும் தனியே பாடங்கள் ஆயத்தம் செய்யப்பட்டன. ஆனால் பாடம் வந்த வழியில் வீட்டுக்கு வீடு வேற்றுமை இருந்தது. ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பங்கிட்ட வீடுகள் உண்டு. தந்தை வேலைக்குக் கைப்பேசியை எடுத்துச் சென்றுவிட, இரவு அவர் திரும்பும் வரை பாடத்துக்குக் காத்திருந்த பிள்ளைகள் உண்டு. மூணாற்றை அடுத்த இராஜமலைப் பக்கத்து மாணாக்கர் அலைவரிசை தேடிக் குன்றேறி நடந்து, சாலையோரத்தில் அமர்ந்து பாடம் கேட்டனர். அந்நாளில் கைப்பேசி வாங்கித் தராத பெற்றோர் குற்றவாளிபோல் தலை குனிந்தனர். கடன்பட்டும் வாங்கித் தந்தனர்.

தொற்று ஓய்ந்தது. பள்ளிகள் திறந்தன. கைப்பேசி மட்டும் பெட்டிக்குத் திரும்பவில்லை. பாடத்துக்கென்று நுழைந்த விருந்தாளி வீட்டுக்காரராகவே தங்கிவிட்டார். ஆகவே, ‘இந்தக் காலத்துப் பிள்ளைகள் கெட்டுவிட்டனர்’ என்று நாம் கூறுங்கால், அக்கருவியை வாங்கிக் கொடுத்தவர் நாமே என்பதையும் உடன் நினைத்தல் நேர்மை.

கவனம் என்னும் செல்வம்

ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பான யுனெஸ்கோ 2023-இல் கல்வித் தொழில்நுட்பத்தைப் பற்றி விரிவானதோர் அறிக்கை வெளியிட்டது. கைப்பேசியால் கவனம் சிதறிய மாணவன் மீண்டும் பாடத்தில் மனம் ஒன்ற 20 நிமிடங்கள் வரை ஆகலாம் என்று அது கூறுகின்றது. ஒரு பாடவேளை ஏறக்குறைய முக்கால் மணி நேரமே. சட்டைப் பைக்குள் ஒரு முறை ஒலித்த சிறு மணி, பாதிப் பாடத்தைக் கொண்டுபோய்விடும் என்பது இதனால் விளங்கும். பிரான்சு நாடு 2018-இலேயே பள்ளிகளில் கைப்பேசியைச் சட்டத்தால் விலக்கியது. பிரேசில் 2025-இல் அவ்வழியே சட்டம் இயற்றிற்று.

நம் நாட்டு நிலை யாது? ஊர்ப்புறப் பிள்ளைகளின் கல்வியை ஆராயும் ‘ஏசர்’ அறிக்கை 2024-ஆம் ஆண்டிற்குரிய கணக்கை அளித்துள்ளது. 14 முதல் 16 அகவை வரையுள்ளோருள் 82 விழுக்காட்டினர் ஸ்மார்ட்போனை இயக்க அறிந்திருந்தனர். அவர்களுள் ஆய்வுக்கு முந்திய ஒரு வாரத்தில் கல்வி தொடர்பாக அதனைப் பயன்படுத்தியோர் 57 விழுக்காடு. சமூக வலைத்தளங்களுக்குப் பயன்படுத்தியோர் 76 விழுக்காடு. இக்கணக்கில் இரண்டு செய்திகள் உள்ளன. படிப்புக்கென்று வாங்கிய கருவி பொழுதுபோக்குக்கே மிகுதியும் பயன்படுகின்றது என்பது ஒன்று. பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் அதனைக் கொண்டு கற்கவும் செய்கின்றனர் என்பது மற்றொன்று. முன்னதை மட்டும் கண்டு சினப்பதும், பின்னதை மட்டும் கண்டு மகிழ்வதும் அரைப் பார்வையாகும்.

எம் இருப்புப்பாதைத் தொழிலிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருகின்றோம். வண்டி ஓட்டுநர் தம் சொந்தக் கைப்பேசியைப் பணிவேளையில் அணைத்து வைக்க வேண்டும் என்பது விதி. ஓட்டுநர்மேல் ஐயம் கொண்டு எழுந்த விதியன்று அது. மனித மனத்தின் இயல்பை அறிந்து எழுந்த விதி. 2008-ஆம் ஆண்டு செப்டம்பர் 12-ஆம் நாள் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை அடுத்த சாட்ஸ்வொர்த் என்னுமிடத்தில் ஒரு பயணி வண்டி சிவப்புக் கைகாட்டியைக் கடந்து சென்று சரக்கு வண்டியோடு நேருக்கு நேர் மோதிற்று. 25 உயிர்கள் மாய்ந்தன. ஓட்டுநர் கைப்பேசியில் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டிருந்ததே காரணம் என்று விசாரணையில் தெளிந்தது. தேர்ந்து பயின்ற ஒருவரையே ஒரு குறுஞ்செய்தி இவ்வாறு ஈர்த்துவிடுமாயின், பதினான்கு வயதுச் சிறுவன் தானே அடங்கியிருப்பான் என்று எதிர்பார்ப்பது எவ்வாறு பொருந்தும்? அவனுக்கு விதி வேண்டும். அவ்விதியின் காரணமும் அவனுக்குச் சொல்லப்பட வேண்டும்.

உரிமையும் கட்டுப்பாடும்

நிற்க. விதி என்றவுடன் சிலர் முற்றாகப் பறித்துவிடுதலே வழி எனக் கருதுவர். அக்கருத்தைக் கேரள உயர்நீதிமன்றம் 2019-ஆம் ஆண்டு செப்டம்பர் 19-ஆம் நாள் அளித்த தீர்ப்பால் ஆராய்ந்தது. கோழிக்கோடு மாவட்டத்துச் சேளன்னூரில் ஒரு கல்லூரியின் பெண்கள் விடுதியில் மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை கைப்பேசி கூடாது என்று விதிக்கப்பட்டிருந்தது. அதற்கு இணங்காத மாணவி விடுதியினின்றும் விலக்கப்பட்டார். வழக்கைக் கேட்ட நீதிபதி பி. வி. ஆஷா அவர்கள், இணையத்தை அடையும் உரிமை கல்வி உரிமையிலும் தனிவாழ்வு உரிமையிலும் அடங்கும் என்று தீர்ப்பளித்து, அம்மாணவியை மீண்டும் சேர்த்துக்கொள்ளுமாறு ஆணையிட்டார். பிறர்க்கு இடையூறு நேராதவாறு அக்கருவியைப் பயன்படுத்தல் வேண்டும் என்பதும் அத்தீர்ப்பில் இருந்தது. உரிமையும் பொறுப்பும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டன.

அது வயது வந்த கல்லூரி மாணவியின் வழக்கு. பள்ளிச் சிறார்க்கு அப்படியே பொருந்தாது என்பது உண்மை. கேரளப் பள்ளிகளில் மாணாக்கர் கைப்பேசி பயன்படுத்துவதற்கு நெடுங்காலமாகவே தடை உண்டு. பள்ளிகள் மீளத் திறந்தபின் அத்தடை மறுபடியும் வலியுறுத்தப்பட்டது. 2025-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் டெல்லி உயர்நீதிமன்றம் பள்ளிகளுக்கு இடைவழி ஒன்றைக் காட்டிற்று. கைப்பேசியை முற்றாகத் தடுத்தல் விரும்பத்தக்கதும் அன்று, நடைமுறைக்கு இயல்வதும் அன்று, இயன்ற இடங்களில் காலையில் பள்ளியில் ஒப்படைத்து மாலையில் பெற்றுச் செல்லலாம், வகுப்பறையில் கூடாது, பெற்றோர், ஆசிரியர், அறிஞர் ஆகியோரைக் கலந்து பள்ளி தன் விதியை வகுக்க வேண்டும் என்பனவே அதன் கருத்துகள்.

எங்கள் இருப்புப்பாதையில், ஒற்றைப் பாதைப் பகுதிகளில் ‘டோக்கன்’ என்னும் முறை நெடுங்காலம் வழங்கிற்று. நிலையத்தில் பெற்ற டோக்கன் கையில் இல்லாமல் ஓட்டுநர் வண்டியை நகர்த்தலாகாது. அடுத்த நிலையத்தில் அதனைத் திருப்பிக் கொடுத்தல் வேண்டும். இதனால் ஓட்டுநரின் மதிப்புக் குறைந்ததென்று எவரும் கூறியதில்லை. காலையில் ஒப்படைத்து மாலையில் பெறும் கைப்பேசியும் அத்தகையதே. முறை எல்லார்க்கும் ஒன்றாக இருக்குமாயின், அதில் இழிவு இல்லை.

நம் மாவட்டத்தில் நிகழ்ந்தது

முறை இல்லாவிடத்து நேர்வது யாது என்பதற்குத் தொலைவில் தேட வேண்டுவதில்லை. 2025-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் பாலக்காடு மாவட்டத்து அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில், பிளஸ் ஒன் மாணவனிடமிருந்து கைப்பேசி கைப்பற்றப்பட்டது. அதனைத் திரும்பக் கேட்டு முதல்வர் அறைக்குச் சென்ற அவன் சினம் மேலிட்டு, அவரைக் கொன்றுவிடுவதாக அச்சுறுத்தினான். அக்காட்சி படமாகி நாடெங்கும் பரவியது. காண்போரெல்லாம் பிள்ளையின் வளர்ப்பைப் பழித்தனர். பின்னர் அம்மாணவன் தன் செயலுக்கு வருந்தினான் என்ற செய்தி வந்தது; பழித்தோர் எல்லாரையும் அச்செய்தி சென்றடைந்திருக்குமா?

ஆசிரியரை அச்சுறுத்தியது பெரும்பிழை. அதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. ஆனால் வேறொரு வினாவும் அப்போது எழுந்தது. அகவை நிரம்பாத சிறுவன் ஒருவனின் முகம் தெரியும் காட்சி வெளியே சென்றது எவ்வாறு? ஒரு கணச் சினத்தை வாழ்நாள் வடுவாக்கியதும் ஒரு கைப்பேசியே; அது மாணவனுடைய கைப்பேசி அன்று. அதனை ஒருவர்க்கொருவர் அனுப்பி மகிழ்ந்தோருள் வளர்ந்தவர் எத்தனை பேர்! பொறுப்பான பயன்பாடு என்னும் பாடத்தை மாணாக்கர்க்கு மட்டும் நடத்தினால் போதாது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது. பிறர் பிள்ளையின் தாழ்வைக் காட்டும் படம் நம் கைக்கு வந்தால், அது நம் கையோடு நிற்கட்டும்.

மலையில் அது விளக்கு

கைப்பேசியே வேண்டா என்று இடுக்கி மலைமக்களிடம் எவரும் சொல்ல இயலாது. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர் குடியிருப்பை மூடிற்று. எழுபது உயிர்கள் மறைந்தன. அவர்களுள் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். பள்ளிச் சிறாரும் பலர். அம்மழையில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றிருந்தமையால், அச்செய்தி வெளியுலகுக்கு எட்டியதே மறுநாட் காலையில்தான். ஒரு தொலைபேசி அழைப்பு எவ்வளவு பெரியது என்பதை அம்மலை அறியும். மழைக்காலத்தில் பள்ளி விட்டுப் பேருந்து வாராமல் நிற்கும் பெண்பிள்ளை தாயை அழைக்க ஒரு கருவி வேண்டும். தேவை உள்ளது என்பதை ஒப்புக்கொண்டுதான் நாம் அளவு வகுத்தல் வேண்டும்.

பெண்பிள்ளை என்றமையால் ஒன்று கூற வேண்டியுள்ளது. முற்கூறிய ‘ஏசர்’ அறிக்கையின்படி ஸ்மார்ட்போனை இயக்க அறிந்த பிள்ளைகளுள், சொந்தமாக அதனை உடைய ஆண்பிள்ளைகள் 36 விழுக்காடு, பெண்பிள்ளைகள் 27 விழுக்காடு. நம் இல்லங்களிலும் மகனுக்கு உரிமையும் மகளுக்குக் காவலும் என்ற வழக்கம் காணப்படுகின்றது. மகள் கையிலிருந்து பறிப்பதால் தீமை நீங்கிவிடாது. மகளுக்குத் தொல்லை தருவோன் எவனோ ஒரு வீட்டின் மகனே. விதி இருவர்க்கும் ஒன்றாகட்டும்.

நாம் செய்ய வேண்டுவன

பள்ளி செய்ய வேண்டுவது முதலாவது. ஒப்படைத்து வாங்கும் முறை வேண்டும். பெயரெழுதிய உறையும், பூட்டுள்ள பெட்டியும், பொறுப்பான ஆசிரியரும் வேண்டும். ஐயத்தின்பேரில் பிள்ளைகளின் உடலைத் தடவிச் சோதித்தல் கூடாது. கைப்பற்றிய கைப்பேசியைத் திறந்து பார்த்தலும் கூடாது. பெற்றோரை அழைத்து அவரிடம் ஒப்படைத்தலே முறை. வீட்டுப்பாடத்தை இரவு நேரத்தில் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, ‘பிள்ளை இரவெல்லாம் போனில் இருக்கின்றான்’ என்று குறை கூறுவது பொருந்தாது. கரும்பலகையில் எழுதி, நோட்டில் எழுதச் செய்யும் பழைய வழிக்கு இன்றும் ஈடில்லை.

இரண்டாவது, மொழி. பள்ளியின் சுற்றறிக்கை மலையாளத்தில் வருகின்றது. தாய்க்கு அது படிக்கத் தெரியாது. பிள்ளையே அதனைப் படித்துச் சொல்கின்றான். தனக்கு வேண்டியதைச் சொல்லி வேண்டாததை விடுகின்றான். காவலனே சாவியைக் கைதியிடம் கொடுத்த கதை இது. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழர் சிறுபான்மையராக வாழும் பகுதிகளில் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதவும் தமிழிலேயே மறுமொழி பெறவும் வழிவகுத்துள்ளது. கைப்பேசி விதிகளைத் தமிழிலும் தருமாறு பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் நாம் பணிவோடும் உறுதியோடும் கேட்டல் வேண்டும். அக்கூட்டங்களுக்கு நாம் செல்வதே அரிது என்பதையும் மறைக்க வேண்டா. ஒரு நாட்கூலி போகும் என்பது மெய்யே. வீட்டுக்கு ஒருவராயினும் முறை வைத்துச் சென்றால், ஒருவர் கேட்டு வந்ததைப் பத்து வீடு அறியும்.

மூன்றாவது, வீடு. இரவு ஒன்பது மணிக்கு மேல் வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளும் ஒரே இடத்தில் உறங்கட்டும். தந்தையின் கைப்பேசியும் அவற்றோடு சேரட்டும். உணவு வேளையில் தட்டருகே அது வாராதிருக்கட்டும். பணம் செலுத்தும் இரகசிய எண்ணைப் பிள்ளைக்குச் சொல்லுதல் வேண்டா. முன்பின் அறியாதவர்க்குப் படம் அனுப்புதல் கூடாது என்பதை மகனுக்கும் மகளுக்கும் ஒருங்கே உரைத்தல் வேண்டும்.

எல்லாவற்றினும் தலையாயது ஒன்றுண்டு. தவறு நேர்ந்தால் பிள்ளை முதலில் நம்மிடம் வந்து சொல்லும் துணிவை நாம் அளித்தல் வேண்டும். எவனோ ஒருவன் படத்தை வைத்து மிரட்டுங்கால், ‘அப்பா அடிப்பாரே’ என்னும் அச்சமே பிள்ளையை அவன் வலையில் ஆழ்த்துகின்றது. ‘எது நடந்தாலும் என்னிடம் சொல், முதலில் உன்னைக் காப்பேன், பிறகு பேசுவோம்’ என்று ஒவ்வொரு பெற்றோரும் ஒரு நாளாவது வாய்திறந்து கூறல் வேண்டும். குழந்தைகளின் துயர்க்கு 1098 என்னும் எண்ணும், இணையவழிப் பண மோசடிக்கு 1930 என்னும் எண்ணும் உள்ளன. அவற்றைச் சமையலறைச் சுவரில் எழுதி வையுங்கள். கைப்பேசிப் பழக்கத்தினின்றும் மீள இயலாத சிறுவர்க்கெனக் கேரளக் காவல்துறை 2023-இல் ‘டி-டாட்’ என்னும் ஆலோசனை நிலையங்களைத் தொடங்கிற்று. பிள்ளையைக் காய்ச்சலுக்கு மருத்துவரிடம் காட்டுவது போன்றதே இது. இதில் நாணத்துக்கு இடமில்லை.

நான்காவது, நம் சங்கங்கள். 2022-ஆம் ஆண்டு மே மாதம் கேரளத்தில் ஒரு நற்செயல் நடந்தது. ‘லிட்டில் கைட்ஸ்’ என்னும் மாணவர் கணினி மன்றத்தைச் சேர்ந்த பிள்ளைகள் ‘அம்ம அறியான்’ என்ற பெயரில் தாய்மார்க்கு இணையப் பாதுகாப்பைக் கற்பித்தனர். பிள்ளை ஆசானாயிற்று, தாய் மாணவியானாள். அதனையே நம் சங்கக் கூடத்தில் தமிழில் நடத்த இயலாதா? மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேல்நிலை மாணாக்கர் இருவர் முன்னின்றால் போதும். கடவுச்சொல் என்பது யாது, பொய்ச் செய்தியை அறிவது எவ்வாறு, மோசடி அழைப்பை வெட்டுவது எவ்வாறு என்பனவற்றை அவர்களே நமக்குச் சொல்வர். பொறுப்பை ஏற்றவன் பொறுப்பாக நடப்பான். கேரள அரசின் தமிழ்வழிப் பாடநூல்கள் இணையத்திலேயே கிடைக்கின்றன. 2024-இல் ஏழாம் வகுப்புக் கணினிப் பாடநூல் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தோடு தமிழிலும் வெளிவந்தது. இவற்றைத் தேடி எடுக்கக் கற்பித்தல் சங்கத்தின் பணியாகட்டும். பொழுதுபோக்கினின்றும் பிள்ளையை விலக்க வேண்டுமாயின், அதனினும் சுவையான ஒன்றைக் காட்டல் வேண்டும். வெறுங்கை பழைய பொருளையே தேடும்.

அன்பர்களே! நம் முன்னோர் கணவாய் கடந்தும் மலையேறியும் இந்நாட்டுக்கு வந்தபோது கையில் இருந்தது மண்வெட்டியும் கூடையுமே. அவற்றைக் கொண்டு காட்டைத் தோட்டமாக்கினர். நம் பிள்ளைகளின் கையில் இருப்பதோ உலக நூலகத்தின் சாவி. அச்சாவியால் எந்தக் கதவைத் திறப்பது என்பதைச் சொல்லித் தரும் கடமை நம்முடையது. ‘கீழே வை’ என்னும் சொல்லோடு நின்றுவிடாமல், ‘இங்கே வா, இருவரும் சேர்ந்து பார்ப்போம்’ என்னும் சொல்லையும் இன்று மாலை நம் வீடுகளில் ஒலிக்கச் செய்வோமாக.